கொப்பியில் உள்ளது கணினியில் ஏன் வருவதில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ளன. முதலில் காட்டிய வைத்தியசாலையிலிருந்து வேறொன்றுக்கும், பிறகு வெளிமாவட்டத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்கும் அனுப்பினார்கள். மூன்று இடங்களிலும் கணினி உண்டு. ஆனாலும் ஒவ்வோரிடத்திலும் புதிதாகப் பதிந்து, மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். ஓரிடத்துக் கணினியில் உள்ளதை மற்ற இடத்தில் ஏன் பார்க்க முடியவில்லை? இரண்டு அறிக்கைகளின் பிரதிகளை இணைத்துள்ளேன்.
- வாசகி, மூதூர்

பதில்: அந்த இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அவற்றிலேயே இருக்கிறது.

சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்பதைக் காட்டும் இரத்த அளவான கிரியாற்றினின், ஒரு தாளில் 1.4 என்றும், மற்றதில் 124 என்றும் உள்ளது. உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான். முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், இரண்டாவது லீற்றருக்கு மைக்ரோமோல், முன்னதை 88.4 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். அனுபவமுள்ள வைத்தியர் அலகைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார். அலகைக் கவனிக்காமல் எண்களை மட்டும் ஒரே நிரலில் சேர்க்கும் கணினியோ, உங்கள் அம்மாவின் சிறுநீரகம் சில வாரங்களில் முற்றாகச் செயலிழந்துவிட்டதாகக் காட்டும். இதனால்தான் இணைய வசதி இருந்தால் போதும் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. தகவல் போய்ச் சேர்வது ஒன்று. போய்ச் சேர்ந்த இடத்தில் அதே பொருளில் விளங்கிக்கொள்ளப்படுவது வேறொன்று.

அடுத்தது பெயர். ஆங்கில எழுத்தில் பதியும்போது ‘சி’ என்ற ஒலியை ஒருவர் ‘எஸ்’ என்று தொடங்குகிறார், இன்னொருவர் ‘எஸ்எச்’ என்று தொடங்குகிறார். ஒரு தாளில் முதலெழுத்து உங்கள் தாத்தாவுடையது, மற்றதில் உங்கள் அப்பாவுடையது. திருமணத்துக்குப் பின் முதலெழுத்து மாறும் நம் வழக்கம் கணினிக்குத் தெரியாது. அடையாள அட்டை இலக்கமும் அப்படியே: ஒன்றில் ஒன்பது இலக்கங்களும் ‘வி’ என்ற எழுத்தும் கொண்ட பழைய வடிவம், மற்றதில் 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க வடிவம். மனிதக் கண்ணுக்கு இது ஒரே அம்மா. கணினிக்கு இரண்டு பெண்கள். பெயரும் வயதும் ஏறக்குறைய ஒத்திருப்பதை மட்டும் வைத்து இரு பதிவுகளை ஒன்றாக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பெனிசிலின் ஒவ்வாத ஒருவரின் பதிவு, அதே பெயருள்ள இன்னொருவரின் பதிவோடு கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். மீண்டும் இரத்தம் எடுப்பது வேதனைதான். தவறான ஆளின் முடிவை நம்புவது அதைவிடக் கொடியது. சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். அடையாள அட்டை இல்லாத பச்சிளம் குழந்தைக்கும் அதை வழங்கலாம். ஆனால் ஒருவருக்கு ஒரே இலக்கம் என்பது ஒவ்வொரு பதிவு மேசையிலும் கடைப்பிடிக்கப்பட்டால்தான் அதனால் பயனுண்டு.

கணினிகள் ஒன்றையொன்று விளங்கிக்கொள்வதற்கான பொது மொழிகள் இல்லாமல் இல்லை. வைத்தியசாலைக் கணினிகள் செய்தி பரிமாறுவதற்கான ‘எச்எல்7’ என்ற முயற்சி 1987 இல் தொடங்கியது. அதன் புதிய வடிவமான ‘ஃபயர்’ 2014 இல் முதலில் வெளியானது. ஆய்வுகூடப் பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் ‘லொயிங்க்’ 1994 இல் தொடங்கப்பட்டது. பொது மொழி முழுமையாக வேரூன்றிய துறையும் ஒன்றுண்டு: 1993 இல் ‘டைகொம்’ என்று பெயர் பெற்ற முறையில் சேமித்த ஸ்கேன் படத்தை, எந்த நிறுவனத்தின் இயந்திரம் எடுத்திருந்தாலும் வேறொரு வைத்தியசாலையில் திறந்து பார்க்கலாம். இயந்திரம் செய்வோரும் கதிரியக்க வைத்தியர்களும் ஒன்றாக உட்கார்ந்து உடன்பட்டதன் பலன் அது. நம் நாட்டில் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஆதார வைத்தியசாலைகளிற் பல மாகாணத்தின் கீழும் இயங்குகின்றன. தனியார் ஆய்வுகூடங்கள் தத்தமக்கு ஏற்ற மென்பொருளை வாங்குகின்றன. இவர்கள் அனைவரையும் ஒரே மேசைக்கு அழைத்து உடன்பாடு காண்பதே, மென்பொருள் எழுதுவதைவிடக் கடினமான வேலை என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை கிளினிக் கொப்பியைக் கைவிடாதீர்கள். அறிக்கையை ஒட்டும்போது அலகும் ஆய்வுகூடத்தின் பெயரும் வெட்டுப்படாமல் ஒட்டுங்கள். எங்கு சென்றாலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே அடையாள இலக்கத்தில் பதியச் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எல்லாக் கணினிகளும் இணைந்துவிட்டால், என் நோய் விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துவிட மாட்டார்களா?
- வாசகர், உவர்மலை

பதில்: இது நியாயமான அச்சம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டத்தோடு நிறுத்திவிட முடியாது. ஒரு பதிவை யார், எந்த நேரத்தில் திறந்தார் என்பது கணினியில் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். மருந்து வழங்குபவருக்கு மருந்துப் பட்டியலும் ஒவ்வாமையும் தெரிந்தால் போதும், மனநலக் குறிப்புகள் தெரிய வேண்டியதில்லை. இன்று வாட்டில் மேசைமேல் திறந்து கிடக்கும், நோயாளியின் விவரம் எழுதும் கட்டில் தாளை எத்தனை பேர் புரட்டினார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.