வாரத்துக்கு இரண்டு விருந்து வந்தால் எடை எப்படிக் குறையும்?

கேள்வி: ஐந்து மாதத்தில் 6 கிலோ குறைத்தேன். கடந்த ஆறு வாரமாக எடை அசையவில்லை. மற்ற நாட்களில் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் பிறந்தநாள், அலுவலகப் பிரிவு உபசாரம், நண்பர் வீட்டுச் சாப்பாடு என்று வாரத்துக்கு இரண்டாவது வந்துவிடுகிறது. அன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டுத்தான் போகிறேன். அப்படியும் அங்கே போனால் கை நிற்பதில்லை. பாசத்தோடு பரிமாறுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. மறுநாள் காலை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. ஜாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. இனி விருந்துகளுக்கே போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம், போங்கள். ஒதுங்கி இருப்பதைச் சில வாரங்களுக்கு மேல் யாராலும் தொடர முடிவதில்லை. உங்கள் எடையை நிறுத்தி வைத்திருப்பது விருந்துச் சாப்பாடு மட்டுமல்ல. அதற்கு முன் கிடக்கும் பட்டினி, தட்டு கைக்கு வருவதற்கு முன்பே கொறித்துத் தீர்ப்பது, மறுநாள் காலையில் எடுக்கும் முடிவு ஆகிய மூன்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. மூன்றுமே உங்கள் கையில் இருப்பவை.

முதலில் கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் உடலுக்குத் தேவையானதைவிட 400 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 கலோரி மிச்சம். இரண்டு விருந்து நாட்களில் தேவைக்கு மேல் தலா 1,000 கலோரி போனால் அந்த மிச்சம் முழுவதும் காலி. ஆறு வாரமாக எடை நிற்பதற்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை. அதே விருந்துகளில் மிகையைத் தலா 300 கலோரிக்குள் வைத்தால் வாரம் 1,400 கலோரி மிஞ்சும். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆகவே மாதத்துக்கு முக்கால் கிலோவை ஒட்டிக் குறையும். விருந்தில் எதையும் மிகையாகச் சாப்பிடாமல் வர வேண்டும் என்ற இலக்கு வேண்டாம். ஆயிரத்தை முந்நூறாக்கினால் போதும்.

அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உட்கார்ந்து பேசும்போது 60 கிராம் சிப்ஸ், அதாவது இரண்டு மூன்று முறை கைநிறைய அள்ளினால் வரும் அளவு: சுமார் 320 கலோரி. 330 மில்லி இனிப்புக் குளிர்பானம் 140 கலோரி. பேச்சு சுவாரசியத்தில் இன்னொன்று, மேலும் 140. உணவு மேசையை நெருங்குவதற்கு முன்பே 600 கலோரி உள்ளே போயாகிவிட்டது. இதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, வயிறும் சேர்ப்பதில்லை. திரவமாகப் போகும் சர்க்கரை, பின்னால் சாப்பிடும் அளவை அவ்வளவாகக் குறைப்பதில்லை. முக்கிய உணவு அன்றாட இரவுச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். முன்னால் கொறித்ததும் பின்னால் வரும் கேக்கும் சேர்ந்துதான் கணக்கை மீறுகின்றன.

பகலில் பட்டினி வேண்டாம்

பட்டினி கிடந்து கலோரி சேமிக்கலாம் என்பது தாளில் சரியாக இருக்கும். நடைமுறையில் ஏழெட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு வரும்போது முதலில் கண்ணில் படும் எண்ணெய்ப் பண்டத்தை, அதுவும் வேகமாக, சாப்பிடுவீர்கள். வயிறு நிறைந்த உணர்வு உறைக்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். பசியோடு இருப்பவர் அதற்குள் தட்டையே முடித்துவிடுவார்.

விருந்து நாளில் காலை உணவை வழக்கம்போல் சாப்பிடுங்கள். மதியம் காய்கறியையும் புரதத்தையும் குறைக்காமல் சோறு அல்லது ரொட்டியை மட்டும் பாதியாக்குங்கள். ஒரு கோப்பை சோற்றில் பாதி குறைந்தால் சுமார் 100 கலோரி மிச்சம். விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு 150 முதல் 200 கலோரிக்குள் புரதம் உள்ள ஒன்று: இரண்டு அவித்த முட்டை, அல்லது சர்க்கரை சேர்க்காத 200 கிராம் தயிரும் ஒரு பழமும். இந்த 200 கலோரி வீண் செலவாகத் தோன்றும். ஆனால் போனவுடன் சிப்ஸ் கிண்ணத்தின் பக்கம் கை நீளாமல் தடுப்பது இதுதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள்: எதை ரசித்துச் சாப்பிடப் போகிறீர்கள், எதைத் தொடப் போவதில்லை. ‘அளவாகச் சாப்பிடுவேன்’ என்ற தீர்மானம் அங்கே போனதும் கரைந்துவிடும், ஏனென்றால் அதில் எப்போது என்ன செய்வது என்பதே இல்லை. ‘குளிர்பானம் நீட்டினால் தண்ணீர் கேட்பேன்’, ‘கேக் வந்தால் இரண்டு விரல் அகலத் துண்டு மட்டும்’ என்று சூழ்நிலையையும் செயலையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த முறையைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். முடிவை அந்த நேரத்தில் யோசித்து எடுக்க வேண்டிய சுமை இல்லாததால்தான் அது வேலை செய்கிறது.

மேசை அருகே

எங்கே உட்காருகிறீர்கள் என்பது நினைப்பதைவிட முக்கியம். கொறிக்கும் கிண்ணம் கை எட்டும் தூரத்தில் இருந்தால் பேச்சின் ஊடே கை தானாகப் போகும். எழுந்து நடந்தால்தான் எடுக்க முடியும் என்ற தூரத்தில் இடம் பிடியுங்கள். இடம் மாற முடியாவிட்டால், நீங்கள் எடுக்கும் அளவை ஒரே தடவையில் சிறு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்திலிருந்து நேராக வாய்க்குப் போவது மட்டும் வேண்டாம்.

பஃபே என்றால் முதல் சுற்று தட்டில்லாமல். வரிசையின் கடைசிவரை நடந்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தட்டோடு வரிசையில் நின்றால், கடைசியில் பிடித்தது வரும்போது தட்டு ஏற்கெனவே நிறைந்திருக்கும், அதன் மேலேயே அதையும் வைப்போம். பிறகு பாதித் தட்டு காய்கறி, கால் பகுதி மீனோ இறைச்சியோ முட்டையோ பருப்போ, மீதிக் கால் பகுதி சோறு அல்லது ரொட்டி. மொத்தம் மூன்று நான்கு வகைக்கு மேல் வேண்டாம். ஒரே சுவையைச் சாப்பிடும்போது அதன் மேல் ஆசை சீக்கிரம் அடங்கும். ஆனால் புதிய சுவை வந்தால் பசி இல்லாவிட்டாலும் ஆசை மறுபடி கிளம்பும். பத்து வகையில் ஒவ்வொரு கரண்டி ‘ருசி பார்க்க’ எடுப்பவர் இரண்டு வகையை வயிறாரச் சாப்பிடுபவரைவிட அதிகம் சாப்பிட்டு எழுவது இதனால்தான்.

குழம்பு வகைகளில் எண்ணெய்தான் கணக்கை ஏற்றும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கரண்டியைப் பாத்திரத்தின் மேல்மட்டத்தில் செலுத்தினால் மிதக்கும் எண்ணெய்தான் முதலில் வரும். கரண்டியை ஓரமாக அடிவரை இறக்கி, துண்டுகளை அள்ளி, பாத்திர விளிம்பில் சாய்த்துப் பிடித்து மூன்று விநாடி வடியவிட்டு எடுங்கள். சாலட் என்றாலும் மேலே ஊற்றியிருப்பதைப் பாருங்கள். மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி 90 கலோரிக்கு மேல்.

கூட்டமாகச் சாப்பிடும்போது அளவு கூடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். உடன் இருப்பவர்கள் கூடக் கூடச் சாப்பிடும் நேரம் நீள்கிறது, நேரம் நீள நீள உள்ளே போவதும் கூடுகிறது. அதனால் கொஞ்சம் தாமதமாக ஆரம்பியுங்கள். கூட்டத்திலேயே மெதுவாகச் சாப்பிடுகிறவர் யாரென்று பார்த்து அவர் வேகத்துக்குப் போங்கள். முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள், காலித் தட்டு முன்னால் இருந்தால் யாராவது எதையாவது வைப்பார்கள். இரண்டாவது முறை வேண்டுமா என்பதை 20 நிமிடம் கழித்து முடிவு செய்யுங்கள். அப்போதும் பசித்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிப்பை முழுக்கத் தவிர்க்கும்படி சொல்லமாட்டேன். வந்ததில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றை, உட்கார்ந்து, பேச்சை நிறுத்தி, ரசித்துச் சாப்பிடுங்கள். எங்கும் எப்போதும் கிடைக்கும் சாதாரண ஐஸ்கிரீமுக்காக ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டாம். மது அருந்துபவர் என்றால், ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி. உடல் அதை முதலில் எரிக்கும், கொழுப்பை எரிப்பது அதுவரை தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டாவது கோப்பைக்குப் பிறகு மேலே சொன்ன எந்தத் தீர்மானமும் நினைவில் நிற்காது.

வற்புறுத்தும்போது

உங்கள் கேள்வியில் கடினமான பகுதி இதுதான். சமைத்தவருக்கு உணவு என்பது அன்பு. மறுப்பது அவரையே மறுப்பதாகப் படும். ஆகவே அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அளவை மட்டும் ஏற்காதீர்கள்.

‘டயட்ல இருக்கேன்’ என்று அறிவிக்காதீர்கள். அந்தச் சொல் விழுந்ததும் ‘ஒரு நாள்தானே’, ‘நீங்க என்ன குண்டாவா இருக்கீங்க’ என்று மேசை முழுவதும் விவாதம் தொடங்கும். காரணம் சொன்னால் அதற்குப் பதிலும் வரும். காரணமே இல்லாத மறுப்புக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘ரொம்ப நல்லா இருக்கு, இப்ப போதும். வேணும்னா நானே கேட்டு வாங்கிக்கறேன்.’ இரண்டாம் முறை கேட்டாலும் அதே வாக்கியம், அதே சிரிப்பு. வாக்கியத்தை மாற்றினால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இணங்குவீர்கள் என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றிவிடும். பெரும்பாலானோர் மூன்றாவது முறைக்கு மேல் கேட்பதில்லை. இல்லாத ஒவ்வாமையைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம், அடுத்த விருந்தில் அது வேறு சிக்கலைக் கொண்டுவரும்.

இன்னொரு வழி: தட்டில் கால் பங்கை மிச்சம் வைத்தபடி மெதுவாகச் சாப்பிடுங்கள். பரிமாறுபவர் வரும்போது ‘இதை முடிச்சுடறேன்’ என்று காட்ட ஏதாவது இருக்கும். பாராட்டைத் தாராளமாகக் கொடுங்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். நெருங்கியவர் என்றால் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் தனியாகச் சொல்வது இன்னும் நல்லது: ‘எடையைக் கவனிச்சுக்கிட்டு இருக்கேன், அன்னைக்கு என்னை வற்புறுத்தாம பாத்துக்கங்க.’ பலர் முன்னிலையில் எதிராளியாக இருந்திருக்கக்கூடியவர் அப்போது உங்கள் பக்கம் நிற்பார். ஒரு பெரிய பாத்திரம் சாலட் நீங்களே செய்து கொண்டுபோனால் தட்டின் பாதியை நிரப்ப ஏதாவது இருக்கும் என்ற உறுதியும் கிடைக்கும். கிளம்பும்போது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது யாருக்குப் போகும் என்பதை வீடு வருவதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

மறுநாள்

ஒன்றரைக் கிலோ ஏறியது கொழுப்பு அல்ல. அவ்வளவு கொழுப்பு சேர 11,500 கலோரிக்கு மேல் மிகையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், ஓர் இரவில் அது நடக்காது. மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜனாக, அதாவது சேமித்து வைக்கும் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்பும் தண்ணீரைத் தேக்கும். குடலில் இருக்கும் உணவின் எடையும் சேரும். இரண்டு மூன்று நாளில் இதில் பெரும்பகுதி இறங்கிவிடும். விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள், அல்லது தினமும் பார்த்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் மில்க் ஷேக் குடிக்கவைத்த பிறகு ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ அதிகம் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற மனநிலை அது. சனிக்கிழமை இரவு 800 கலோரி மிகையானால் அது 800 கலோரி மட்டுமே. ‘திங்கட்கிழமை முதல் பார்க்கலாம்’ என்று ஞாயிறு முழுக்க விட்டுவிட்டால்தான் 2,000 ஆகும்.

ஈடுகட்டப் பட்டினி கிடக்கவும் வேண்டாம், அது அடுத்த இரவு அதே பசியைக் கொண்டுவரும். ஓடித் தீர்ப்பதும் நடக்காது, அரை மணி நேர வேக நடை 150 கலோரி அளவே எரிக்கும். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான காலை உணவு, அவ்வளவுதான். சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடப்பது இரத்தச் சர்க்கரை உயர்வைத் தணிக்க உதவும், அதற்காக நடங்கள்.

உங்கள் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் கவனியுங்கள். நெருங்கிய நண்பர் வீட்டு விருந்து வேறு, அலுவலகத்தில் மாதம் நான்கு முறை வெட்டும் கேக் வேறு. இரண்டாவதற்கு ஒரு நிரந்தர விதி வைத்துக்கொள்ளுங்கள்: வாழ்த்துச் சொல்வேன், படம் எடுக்க நிற்பேன், கேக் எடுப்பதில்லை. 100 கிராம் துண்டு சுமார் 350 கலோரி வரும். சேமித்ததை உங்களுக்கு முக்கியமான விருந்தில் செலவிடலாம்.

சிலருக்கு மட்டும் எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்த வேளை உணவையும் தவிர்க்கவோ மாவுச்சத்தைச் சட்டெனப் பாதியாக்கவோ கூடாது, சர்க்கரை அபாயமாக இறங்கலாம். எடைக் குறைப்புக்குச் செமாக்ளூடைட் போன்ற ஊசி போடுபவர்களுக்கு எண்ணெய் மிகுந்த பெரிய சாப்பாடு குமட்டலையும் வாந்தியையும் தரலாம், அவர்களுக்குச் சிறு தட்டே போதும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இனிப்பு படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகலாம். சாப்பிட்ட பிறகு கடும் குற்ற உணர்வு, வாந்தி எடுக்கும் பழக்கம், ஒளிந்து சாப்பிடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கலோரிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.