வீணையைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 72 வயது. சிறுவயதில் கற்றுக்கொண்ட வீணையை விடாமல் வாசித்து வந்தேன். சில ஆண்டுகளாக இடக்கை விரல் கணுக்கள் தடித்து, தந்தியை இழுத்தால் வலிக்கிறது. சம்மணமிட்டு உட்காரவும் முடியவில்லை. கணவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு வீணையின் உறையைப் பிரிக்கவே தோன்றவில்லை. மகன் வீட்டுக்குக் குடிபோகப் போவதால் வீணையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள். வாசிப்பதை நிறுத்தினால் மறதி நோய் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இப்போது கொடுக்க வேண்டாம். விரல் ஒத்துழைக்காததால் வாசிக்கவில்லையா, மனம் நாடாததால் வாசிக்கவில்லையா என்பது தெளிவாகும் வரை அந்த முடிவைத் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டுமே இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டுக்குமே சிகிச்சை உண்டு.

விரல் நுனிக்கு அருகிலுள்ள கணுக்கள் தடித்து, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடுமானால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் விரல்களின் அடிக்கணுக்களும் மணிக்கட்டும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, தாமதிக்கவும் கூடாது. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போய், கையை உதறினால் சரியாவது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு, நீட்டும்போது சட்டென்று விடுபடுவது சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதிகம். பலருக்கு அது ஓர் ஊசியிலேயே குணமாகிறது. வயதானால் இப்படித்தான் என்று சும்மா இருந்துவிட்டால் இவற்றில் எதுவும் கண்ணில் படாது.

தேய்மானம்தான் என்று உறுதியானால், வாசிப்பதற்கு முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்திருங்கள். டைக்ளோஃபினாக் களிம்பைத் தடவலாம். வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது உங்கள் வயதில் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் உங்களுக்கு வலிக்கிறது என்பதால், ஸ்ருதியை ஒரு கட்டை இறக்கிப் பாருங்கள், தந்தியின் இறுக்கம் குறையும். தந்திக்கும் அதன் கீழே குறுக்காக உள்ள உலோக மெட்டுக்கும் இடையே இடைவெளி கூடியிருந்தால் விரல் தேவைக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும். மெழுகில் மெட்டுகளைப் பதித்து வீணைக்கு மேளம் கட்டுபவரிடம் காட்டினால் சரிசெய்து தருவார். நாற்காலியில் அமர்ந்து, வீணையை உயரம் குறைந்த மேசைமேல் கிடத்தி வாசிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்காமல், பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து வாசியுங்கள். வாசித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி அடங்காவிட்டால் மறுநாள் நேரத்தைக் குறையுங்கள்.

பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் 89 வயது வரை மேடையேறியவர். முதுமையில் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டதாகவும், அவற்றையே கூடுதலாகப் பயிற்சி செய்ததாகவும், வேகமான பகுதிக்கு முன்னால் வேண்டுமென்றே நிதானமாக வாசித்து அந்த வேகத்தை எடுத்துக்காட்டியதாகவும் அவர் கூறியதை முதுமை குறித்த உளவியல் நூல்கள் உதாரணமாகக் காட்டுகின்றன. உங்களுக்கும் நான்கைந்து கீர்த்தனைகள் போதும்.

விரலைவிட எனக்குக் கவலை தருவது, உறையைப் பிரிக்கவே தோன்றவில்லை என்ற வரிதான். முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் 15 கேள்விகளில், ஈடுபாடுகளில் பலவற்றை விட்டுவிட்டீர்களா என்பது இரண்டாவது. துணையை இழந்த துக்கம் இயல்பானது, அதற்குக் கெடு விதிக்க முடியாது. ஆனால் தூக்கமும் பசியும் குறைந்து, உடல் மெலிந்து, எதிலும் மனம் ஒட்டாமல் நாள்கள் நகர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுந்தால் எந்த நேரமும் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். தைராய்டு, பி12 குறைபாடுகளும் இதே சோர்வைத் தரும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனைகளையும், அத்துடன் செவித்திறன் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். காது மந்தமாகி ஸ்வரம் தெளிவாகக் கேட்காததாலேயே வாத்தியத்தை மூடி வைத்துவிடுபவர்கள் உண்டு.

மறதி நோய் பற்றிய பயமுறுத்தலுக்கு வருகிறேன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், வாத்தியம் வாசித்தவர்களுக்கு அந்நோய் குறைவாகவே வந்தது உண்மை. ஆனால் நோயின் தொடக்கமே ஈடுபாடுகளைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், நிறுத்தினால் நோய் வரும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பல்லாண்டுகளாகப் பாடமான கீர்த்தனை பாதியில் நழுவினாலோ தாளம் பிடிபடாமல் போனாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும், போதும் வாசித்தது என்று மனநிறைவோடு தோன்றினால் தாராளமாக விடலாம், அதில் நோயும் இல்லை, குற்றமும் இல்லை. அப்போது வீணை யாரிடம் போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால், நீங்கள் வாய்ப்பாட்டாகவே பாடம் சொல்லித்தரவும் வழியுண்டு. அதுவரை தந்திகளைச் சற்றுத் தளர்த்தி வைத்திருங்கள். இந்தப் பதிலை உங்கள் மகனிடமும் காட்டுங்கள். நான்கடி நீள வீணைக்கு அவர் வீட்டில் ஓர் இடம் ஒதுக்குவதும், உங்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும்தான் அவரிடம் நான் கேட்பது.