மசக்கை வாந்தி: எதுவரை பொறுக்கலாம்?

மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் பலர் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

காலையில் மட்டும்தான் வரும் என்றார்கள், டாக்டர். எனக்கு நாள் முழுக்கக் குமட்டல். பக்கத்து வீட்டில் தாளித்தாலே ஓங்கரிக்கிறது. இப்போது 8-வது வாரம்.

காலை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், ராத்திரி பத்து மணிக்கும் வரும். பெரும்பாலும் 6-வது வாரம் வாக்கில் தொடங்கி, 9-வது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும். 16 முதல் 20 வாரத்துக்குள் அநேகமாக அடங்கிவிடும். அதுவரை அடுப்படியை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வயிறு காலியானால் புரட்டல் கூடும். கண் விழித்ததும் எழுவதற்கு முன்பே ரஸ்க்கோ பொரியோ கொஞ்சம் வாயில் போடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், இடையிடையே மிடறு மிடறாகக் குடியுங்கள். சூடான சோற்றைவிட ஆறிய தயிர்சாதத்தில் வாசனை குறைவு.

வாந்திக்கு டாக்சிலமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் தடுக்கிறார்.

அவர் பயம் எங்கிருந்தோ வந்ததல்ல. மசக்கைக்கும் கொடுத்த தாலிடோமைடால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தார்கள். 1961-இல் அதை நிறுத்தினார்கள். இது அந்த மருந்து இல்லை. டாக்சிலமின் 10 மி.கி., கூடவே வைட்டமின் பி6 10 மி.கி. இதே கூட்டை அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து 1983-இல் கம்பெனியே நிறுத்தியது. ஆய்வுகளில் குழந்தைக்குப் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. 2013-இல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. தூக்கம் வரும், அதனால்தான் இரவில் போடச் சொல்கிறோம். வாந்தி வந்த பிறகு தேடாமல், சொன்னபடி தினமும் போட்டால்தான் கேட்கும்.

இஞ்சி?

லேசான குமட்டலுக்குக் கேட்கும். சுக்குப்பொடி என்றால் நாளுக்கு 1 கிராமோடு நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு வேண்டாம், நெஞ்சு எரியும்.

மேடம், சத்து மாத்திரை போட்டாலே வாந்தி.

இரும்புச் சத்துதான் காரணமாக இருக்கும். ரத்தசோகை இல்லையென்றால் முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஃபோலிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மனைவிக்கு 10-வது வாரம். மூன்று நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. 52 கிலோ இருந்தவள் 48 ஆகிவிட்டாள். "எல்லாருக்கும் வருவதுதானே, மனசைத் திடமா வெச்சுக்கோ" என்கிறார் அம்மா.

தம்பி, இன்றைக்கே அழைத்துப் போங்கள், நாளை வரை காத்திருக்காதீர்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கடுமையான மசக்கை என்போம். இங்கே 7-ஐத் தாண்டிவிட்டது. கடைசியாக எப்போது சிறுநீர் போனார், என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள். சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு இல்லாமல் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது வருவது), ரத்தத்தில் உப்பு அளவு பார்த்து ட்ரிப் ஏற்றுவார்கள். பல நாள் சாப்பிடாதவருக்குத் தயமின், அதாவது பி1, கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்; "தயமின் போட்டாச்சா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், இதில் மனசின் பலவீனம் எதுவும் இல்லை. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் தாயின் மூளையில் வாந்தியைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அது உடலில் குறைவாக இருந்தவர்களுக்குக் கடுமை கூடுகிறது என்று 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. அம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு.

24-வது வாரம். இதுவரை வாந்தியே இல்லை, நேற்றிலிருந்து தலைவலியோடு வாந்தி. இதுவும் மசக்கையா, அக்கா?

இல்லைம்மா. இத்தனை நாள் கழித்துப் புதிதாகத் தொடங்குவதை மசக்கைக் கணக்கில் எழுதக் கூடாது. இப்போதே போய் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பாருங்கள்.