ஸ்ட்ரோபெரி தோய்க்க எந்தச் சொக்லேட்? மட்டக்களப்பு வெயிலுக்கு ஒரு பதில்

கல்லடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்யாண வரவேற்பு ஒன்றுக்குச் சொக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ரோபெரி வேண்டும் என்று ஓடர் வந்திருக்கிறது. விலை கூடிய டார்க் சொக்லேட் வாங்கி உருக்கித் தோய்த்துப் பார்த்தேன். பிரிட்ஜில் இறுகியது. வெளியே எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கையில் ஒட்டத் தொடங்கிவிட்டது. மிச்சம் வைத்த பழங்களில் அடுத்த நாள் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நான் எந்தச் சொக்லேட் வாங்க வேண்டும்?"

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன், சகோதரி. ஏசி இல்லாத மண்டபம் என்றால் கொம்பவுண்ட் சொக்லேட், அதாவது வேறு தாவரக் கொழுப்பில் செய்த சொக்லேட் வாங்குங்கள். ஏசி அறையில் செய்து, ஏசி அறையிலேயே பரிமாறுவதானால் மட்டும் கொக்கோ பட்டர் உள்ள அசல் சொக்லேட்டுக்குப் போங்கள்.

காரணம் கொழுப்பில் இருக்கிறது. அசல் சொக்லேட்டில் இருக்கும் கொக்கோ பட்டர், அதாவது கொக்கோ விதையின் கொழுப்பு, பல வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றில் ஒரு வடிவம்தான் பளபளப்பையும், கடித்தால் 'டக்' என்று உடையும் தன்மையையும் தரும். அந்த வடிவத்தில் உறைய வைப்பதைத்தான் டெம்பர் செய்வது என்கிறோம். டார்க் சொக்லேட்டை 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை உருக்கி, 27, 28 வரை ஆறவிட்டு, திரும்ப 31, 32 பாகைக்குச் சூடாக்கித் தோய்க்க வேண்டும். அப்புறம் அது 20 பாகையை ஒட்டிய அறையில் இறுக வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் நம் குசினிச் சூடே 32 பாகையைத் தாண்டிவிடும். அதாவது சொக்லேட் தோய்க்கும் பதத்தில் உருகி நிற்கும் சூடும், உங்கள் அறையின் சூடும் ஒன்றுதான். அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது இறுகாது.

கொம்பவுண்டில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகப் பெரும்பாலும் பாம் விதை எண்ணெயிலிருந்து எடுத்த கெட்டியான தாவரக் கொழுப்பு இருக்கும். டெம்பர் செய்யத் தேவையில்லை; உருக்கித் தோய்த்தால் போதும். ருசி அசலுக்குச் சமமாகாது, வாயில் மெல்லிய மெழுகுத்தன்மை நிற்கும். ஆனாலும் மேசையில் வழிந்து கிடக்கும் நல்ல சொக்லேட்டைவிட, நிமிர்ந்து நிற்கும் கொம்பவுண்டையே நான் தெரிவு செய்வேன். விருந்தாளி பட்டுச் சேலையோடு வந்து எடுக்கிற பண்டம் அது.

கடையில் பக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம். பின்னால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். கொழுப்பு என்று கொக்கோ பட்டர் மட்டும் இருந்தால் அசல். 'வெஜிடபிள் ஃபெட்' முன்வரிசையில் இருந்தால் கொம்பவுண்ட். 'குக்கிங் சொக்லேட்' என்ற பெயரில் இரண்டுமே விற்கிறார்கள், ஆகவே பெயரை நம்பி எடுக்காதீர்கள். பிஸ்கட்டுக்குப் போடும் சொக்லேட் சிப்ஸ் இதற்குச் சரிவராது. சூட்டிலும் உருக்குலையாமல் இருக்கவென்றே கொழுப்பைக் குறைத்துச் செய்வதால், உருகினாலும் களியாகவே நிற்கும். அசலையும் கொம்பவுண்டையும் கலக்கவும் வேண்டாம். அந்த இரு கொழுப்பும் ஒத்துப்போகாது. சேர்ந்தால் இரண்டையும்விட மென்மையாகிவிடும்.

உருக்கிய சொக்லேட் தடிப்பாக இருந்தால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகையளவில் உருகிவிடும். நம் வீட்டுப் போத்தலில் அது உறைந்து பார்த்திருக்கிறீர்களா? அதைச் சேர்த்தால் சொக்லேட்டும் இளகியே நிற்கும். தடிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இளஞ்சூடு காட்டுங்கள், போதும்.

ருசியைப் பொறுத்தவரை, நுவரெலியாப் பழம் பல நேரம் புளிப்புத் தூக்கலாக வரும். அதற்குக் கொக்கோ 70 வீதம் உள்ள டார்க் கசப்பாகிவிடும். 50 முதல் 60 வீதம் பொருந்தும். பால் சொக்லேட் இன்னும் சீக்கிரம் இளகும். வெள்ளைச் சொக்லேட் எளிதில் அடிப்பிடிக்கும், மேலே கோடு போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன வெள்ளைப் படலத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று மறைந்தால் அது டெம்பர் ஆகாத கொழுப்பு மேலே வந்தது. சொரசொரவென்று இருந்தால் சீனி. பிரிட்ஜிலிருந்து எடுத்த பண்டத்தில் நம் ஈரக்காற்று உடனே வியர்த்து, சீனியைக் கரைத்து, காய்ந்ததும் அதை வெளியே விட்டுவிடும். இறுகுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் பிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது மூடிய பெட்டியோடு எடுத்து, குளிர் தணிந்த பிறகே திறவுங்கள். வியர்வை பெட்டியின் வெளியே படியும்.

பழத்திலும் ஈரம் ஆகாது. மலையிலிருந்து பதுளை, செங்கலடி வழியாக வந்து சேரும்போதே சில நசுங்கியிருக்கும். அவற்றை ஜூஸுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தைக் கழுவி, துணியில் ஒற்றி, விசிறிக் காற்றில் காம்பின் அடிவரை காயவிடுங்கள். குளிராக இருக்கும் பழத்தைத் தோய்த்தால் சொக்லேட் சட்டென்று இறுகி வெடிக்கும், வெடிப்பு வழியே சாறு கசியும். இரண்டு துளி தண்ணீர், அல்லது உருக்குவதற்குக் கீழே வைக்கும் வெந்நீர்ப் பாத்திரத்து ஆவி பட்டாலே உருகிய சொக்லேட் மண்போல் திரண்டுவிடும். அப்படி ஆனதைத் தோய்க்க முடியாது. சூடான பால் விட்டு அடித்து சோஸ் ஆக்கிவிடலாம்.

250 கிராம் சொக்லேட்டில் நடுத்தரப் பழம் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து தோய்க்கலாம். விருந்து நாளன்று அதிகாலையில் செய்யுங்கள், முதல்நாளே செய்து வைத்தால் பழம் நீர்விடும். ஓடரை உறுதிப்படுத்த முன், வாங்க நினைக்கும் சொக்லேட்டில் இரண்டு பழம் தோய்த்து, மத்தியானம் இரண்டு மணிக்கு விசிறி போடாமல் அரை மணித்தியாலம் மேசையில் வைத்துப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் அதையே வாங்குங்கள்.