கடைத் தரையில் வழுக்கி விழுந்தால் நோய் விடுப்பா, இழப்பீடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: சூப்பர்மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலை செய்கிறேன். ஃப்ரீசரிலிருந்து கசிந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்கிறார் மருத்துவர். கசிவைப் பற்றி மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். மேலாளர் நோய் விடுப்பு எடுக்கச் சொல்லி, எதையும் கோரமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார். கடைமீது வழக்குப் போடலாமா?

அம்மா, அந்தத் தாளை நினைத்துக் கலங்காதீர்கள். வேலையில் காயப்படுவோருக்கான 1993ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி, இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வலியில் இருப்பவரிடம் இப்படிக் கையெழுத்து வாங்குவது கொடுமை.

ஆனால் முதலாளிமீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு தடுக்கிறது. உங்களைப் போலவே கடையில் விழுந்த ஒரு காசாளரின் வழக்கில், 1998இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றது. பலர் இதைக் கேட்டதும் மனம் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அதற்கு ஈடாக, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே அரசின் இழப்பீட்டு நிதியிடம் கோரலாம். மருத்துவச் செலவும் அதில் அடங்கும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம் கிடைக்கும், சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்டு. முதல் மூன்று மாதம் அதை முதலாளியே கொடுத்துவிட்டு நிதியிடம் திரும்பப் பெற வேண்டும். இழப்பீடு கிடைக்கும் நாட்களை உங்கள் நோய் விடுப்பில் கழிக்கவும் கூடாது.

விபத்து தெரிந்த ஏழு நாட்களுக்குள் முதலாளி அந்த நிதியை நடத்தும் இழப்பீட்டு ஆணையருக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீங்களே கோரிக்கைப் படிவத்தைக் கொடுங்கள். 12 மாதத்துக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. மருத்துவரின் முதல் அறிக்கையில் 'வேலையில் விழுந்தார்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'விழுந்தார்' என்றால் பின்னால் தொல்லை.

கசிவை முன்பே சொன்னேன் என்றீர்களே, அதுதான் உங்கள் பலம். முதலாளி அல்லது பொறுப்பிலுள்ள மேலாளரின் அலட்சியத்தால் விபத்து நடந்திருந்தால், 56ஆம் பிரிவின்படி கூடுதல் இழப்பீடு கேட்கலாம். விபத்திலிருந்து 24 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். யாரிடம், என்றைக்குச் சொன்னீர்கள், உடன் யார் இருந்தார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

ஃப்ரீசரைப் பராமரிப்பது வேறு நிறுவனமா என்றும் விசாரியுங்கள். 35ஆம் பிரிவின் தடை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களின் அலட்சியம் காரணம் என்றால், பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம்.