மருத்துவர் பதில்: கடல் தண்ணீரை விட டம்ளர் தண்ணீர்தான் பயமுறுத்துகிறது

‘கடல் தண்ணீரைக் குடித்த என் மகனுக்கு, கரையேறி நாள்கள் கழித்து மூச்சு நின்றுபோகும் என்கிற ‘டிரை ட்ரவுனிங்’ இனிமேல் வருமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. அலையில் விழுந்து உங்கள் மகன் கடல் தண்ணீரைக் குடித்து நான்கு நாள் ஆகிறது. ஓடுகிறான், சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்கும் குழந்தைக்கு ஐந்தாம் நாள் திடீரென்று ‘டிரை ட்ரவுனிங்’ வந்து மூச்சு நின்றுபோகாது. நீங்கள் பார்த்த வீடியோவில் சொன்னதுபோல் தண்ணீர் நுரையீரலில் நாள்கணக்கில் பதுங்கி உட்கார்ந்திருப்பதும் இல்லை. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாட்டிலேயே, இந்தப் பெயரையும் இதன் தம்பியான ‘செகண்டரி ட்ரவுனிங்’கையும் கைவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீடியோ போடுகிறவர்களுக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மூச்சுக்குழாய்க்குள் தொந்தரவு தரும் அளவுக்குத் தண்ணீர் போயிருந்தால், பெரும்பாலும் முதல் 8 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தெரியும் இடம் மூச்சு. புரையேறியதும் இருமுவது நல்லதுதான், உடம்பு தன் வேலையைச் செய்கிறது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டாலோ, அடங்கியது மறுபடி கிளம்பினாலோ, குழந்தையின் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். நெஞ்சைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிகிறதா? தொண்டைக்குக் கீழே பள்ளம் விழுகிறதா? மூக்கு விடைக்கிறதா? அப்புறம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிற வேலை வேண்டாம், சிறு பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. 4 வயதுக் குழந்தை அழாமல் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு படுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், உடனே ஆக்சிஜன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தண்ணீரில் ஒரு நொடி நினைவு தப்பியிருந்தால்கூட, பார்க்க நன்றாக இருந்தாலும் கூட்டிப் போக வேண்டும். இரண்டொரு நாள் கழித்துக் காய்ச்சலோடு இருமல் வந்தால் அது நுரையீரலில் கிருமி பிடித்ததாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட வரி வேறு. ‘உள்ளே போன தண்ணீர் வெளியே வரட்டும் என்று ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்துக் குடிக்க வைத்தோம், வாந்தி எடுத்தான்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எத்தனை கரண்டி என்று சொல்லவில்லை.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஈடாக நாங்கள் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம்தான். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். அவ்வளவு உப்பான சிறுநீரைப் பிரிக்கச் சிறுநீரகத்தால் முடியாது. அதனால் உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள உடம்பு தன் கையிருப்புத் தண்ணீரையும் போட்டுச் செலவழிக்கிறது. கடல் நீர் குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுவது இதனால்தான். நன்னீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் உங்கள் பையன் குடித்தது எவ்வளவு? மூன்று நான்கு வாய், 50 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். அதில் உப்பு 2 கிராம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டி உப்போ 5, 6 கிராம். அது முழுவதும் உள்ளே தங்கினால் 15 கிலோ குழந்தையின் ரத்த சோடியம், அதாவது ரத்தப் பரிசோதனையில் உப்பைக் காட்டும் அளவு, சுமார் 10 புள்ளி ஏறும். இயல்பான அளவு 135-இலிருந்து 145 வரை. மூன்று கரண்டி கரைத்துக் கொடுத்து வாந்தியும் வராவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மூளை சுருங்கும், வலிப்பு வரும். உப்புக் கரைசலால் வாந்தி எடுக்க வைக்கப் போய் உயிர் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு வாந்தி வந்தது, பிழைத்தான். இத்தனைக்கும், வயிற்றைக் காலி செய்தால் நுரையீரல் காலியாகாது; இரண்டும் வேறு வேறு குழாய். வாந்தி புரையேறினால் நுரையீரலுக்கு இன்னொரு தொல்லைதான். தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் வயிற்றை அமுக்குவதும் இதே ரகம். தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் போதும்.

‘ஏரியாக இருந்திருந்தால் ஆபத்து குறைவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நுரையீரலுக்குள் போனால், கடல் நீர் ரத்தத்திலிருந்து நீரைக் காற்றறைகளுக்குள் இழுக்கும். நன்னீர் காற்றறையிலிருந்து ரத்தத்துக்குள் ஊறும். ஒரு காலத்தில் பாடப்புத்தகங்களில் இதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். நோயாளியின் கட்டிலருகே இந்த வித்தியாசத்துக்குப் பெரிய வேலை இல்லை. எந்தத் தண்ணீராக இருந்தாலும் காற்றறைகளை ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கும் வழுவழுப்பான படலம் கெடுகிறது, ஆக்சிஜன் குறைகிறது. சிகிச்சையும் ஒன்றேதான். ஏரியிலும் அதே கவனம் வேண்டும், சொல்லப்போனால் கடலில் உடம்பு ஒரு பொட்டு கூடுதலாகவே மிதக்கும்.

கண் சிவப்பு, தோல் பிசுபிசுப்பு, அன்றிரவு ஒரு தடவை பேதி எல்லாம் போய்விட்டன என்கிறீர்கள். சரி, விடுங்கள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை நிறுத்துங்கள், மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

இனி எப்போதாவது இப்படி நடந்தால், தண்ணீர் உள்ளே போன நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்போம்.