லெவல் செய்த பிக்கப்புக்கு 35 அங்குல டயர் ஏறுமா?

கேள்வி: என் பிக்கப்பின் முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கி லெவல் செய்திருக்கிறேன். இப்போது இருப்பது 265/70ஆர்17 டயர் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம்), ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம், மில்லிமீட்டரில்) பிளஸ் 30. கடையில் 35 அங்குல டயரையும், 9 அங்குல அகலத்தில் மைனஸ் 12 ஆஃப்செட் அலாய் வீலையும் ஒரே பேக்கேஜாகத் தருகிறார்கள். "லெவல் பண்ணின வண்டிதானே, எங்கேயும் உரசாது" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். உங்கள் வண்டிக்கு 33 அங்குலம் வரை பெரிய சிரமமில்லாமல் போகலாம், அதுவும் சரியான ரிம்மில். 35 என்றால் மட்கார்டின் உள்பக்கத்தை வெட்டுவது, கேபினைத் தாங்கும் பிராக்கெட்டின் முனையை அறுத்து வெல்டு வைப்பது என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். இதையெல்லாம் பில் போட்ட பிறகுதான் சொல்வார்கள்.

லெவல் செய்யப் போடும் கிட் பற்றி எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணத்தை முதலில் உடைத்துவிடுகிறேன். அது வண்டியின் மூக்கைத் தூக்கும், அவ்வளவுதான். டயருக்கு மேலே கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி தெரியும். ஆனால் பல வண்டிகளில் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது அந்த இடமும் போய்விடும். அப்புறம், டயர் உரசுவது பெரும்பாலும் மேலே இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரின் முன் முனை பம்பரின் ஓரத்தில் இடிக்கும், பின் முனை மட்கார்டின் பின்சுவரில் இடிக்கும். உங்கள் இப்போதைய டயரின் விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். 35 அங்குலம் என்றால் 889. அதாவது முன்னால் 43, பின்னால் 43 மில்லிமீட்டர் அதிகம் வேண்டும். லெவல் கிட் அந்தத் திசையில் ஒரு மில்லிமீட்டர் கூடத் தராது.

சரி, அந்த மைனஸ் 12 என்ன செய்யும்? ஆஃப்செட் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிளஸ் 30-இலிருந்து மைனஸ் 12 வரை 42 மில்லிமீட்டர், ரிம் அகலம் ஒன்றரை அங்குலம் கூடியதில் பாதி 19, மொத்தம் 61 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. பார்க்க கம்பீரமாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீல் எவ்வளவு வெளியே நிற்கிறதோ, திருப்பும்போது அவ்வளவு பெரிய வட்டமடித்துப் பம்பரையும் மட்கார்டையும் தேடிப் போகும். 33 அங்குல டயரே இந்த ரிம்மில் உரசும். வீல் பேரிங்குக்கும் பால் ஜாயிண்டுக்கும் சுமை கூடும், ஸ்டியரிங் ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் கையை இழுக்கும், மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும்.

அப்படியிருந்தும் ஏன் மைனஸ் ஆஃப்செட்டையே தலையில் கட்டுகிறார்கள்? கடையில் குவிந்து கிடக்கும் சரக்கு பெரும்பாலும் அதுதான், அதுதான் பார்த்ததும் விலை போகும். பேக்கேஜ் என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் உஷாராகுங்கள். டயரும் ரிம்மும் சேர்ந்து வரும்போது எதற்கு எவ்வளவு விலை, ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். ரிம்மின் பின்பக்கம் திருப்பி, சுமைத்திறன் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். "உரசினால் ஸ்பேசர் போட்டுக்கலாம்" (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தகடு) என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஸ்பேசர் வீலை இன்னும் வெளியேதான் தள்ளும். "தரையில் நிறுத்திப் பார்த்தோம், ஒட்டவே இல்லை" என்பது இன்னொரு ஏமாற்று. நேராக நிற்கும் வண்டியில் எந்த டயரும் ஒட்டாது.

நீங்கள் பார்க்க வேண்டியது 285/70ஆர்17. விட்டம் 32.7 அங்குலம். உங்கள் பழைய ரிம்மிலேயே ஏறும். புது ரிம் ஆசை விடவில்லை என்றால் 8 அல்லது 8.5 அங்குல அகலம், ஆஃப்செட் பிளஸ் 15-இலிருந்து 25-க்குள். மட்கார்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் சூடாக்கி பின்னுக்குத் தள்ள வேண்டி வரலாம், அது அரை மணி நேர வேலை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உயரம்தான் வேண்டும், அகலம் முக்கியமில்லை என்றால் 255/80ஆர்17 என்று ஒரு அளவு இருக்கிறது. விட்டம் 33.1 அங்குலம், 285-ஐ விடவும் உயரம். ஆனால் 30 மில்லிமீட்டர் ஒல்லி, அதாவது பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் இடம் மிச்சம். டயர் திரும்பும்போது மட்கார்டில் இடிப்பது பெரும்பாலும் அதன் தோள்பட்டை ஓரம்தான், அந்த ஓரமே உள்ளடங்கிவிடுவதால் கம்பெனி ரிம்மிலேயே பல வண்டிகளில் உரசாமல் ஓடும். முழு உயரத்துக்கு ஒல்லி மட்டும் மருந்தாகாது, விட்டம் விட்டம்தான். ஆனால் 285-க்கு ஓரத்தில் லேசாக உரசும் வண்டிக்கு இது பொருந்தும். இந்த அளவில் வரும் டயர்கள் பெரும்பாலும் கனமான சுமை ரகம், ஓட்டம் கொஞ்சம் கட்டையாக இருக்கும், தேர்ந்தெடுக்க பிராண்டுகளும் குறைவு. கடையில் "அப்படி ஒரு அளவே கிடையாது" என்பார்கள். கிடையாது என்றால் அவர்களிடம் ஸ்டாக் இல்லை என்று அர்த்தம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. புது ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் வளையமான ஹப் ரிங் கேளுங்கள். பழைய நட்டுகள் புது ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம், ரிம்முக்கு ஏற்ற நட்டுதான் வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முறுக்கிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் அதிகபட்ச அளவு, அதையே அடித்து அனுப்பும் கடைகள் உண்டு. 285-இல் மீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 103, 104 இருக்கும். நான்கு சக்கர டிரைவ் என்றால் ஸ்டெப்னியும் அதே விட்டத்தில் இருக்கட்டும்.

லெவல் செய்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தீர்களா? ஹெட்லைட்டை இறக்கினீர்களா? மூக்கு தூக்கியதும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பத்து நிமிட வேலை, பாதிப் பேர் செய்வதில்லை. எந்த டயர் உரசாது என்று யாரையும் கேட்டும் பிரயோஜனமில்லை. வண்டி கம்பெனி, தன் டயர் அளவு எழுதிய கதவு ஓரத்து ஸ்டிக்கரைக் காட்டும், கிட் விற்றவர் "டயரைப் பொறுத்தது" என்பார், டயர்க்காரர் "கிட்டைப் பொறுத்தது" என்பார். மூன்று பேரும் கைகழுவிய பிறகு கிழிந்த லைனரோடு நிற்பது நீங்கள்தான்.

அதனால் நான்கையும் ஒரேயடியாக மாட்ட விடாதீர்கள். ஒரு ரிம்மில் ஒரு டயரை மட்டும் ஏற்றி முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். முதலில் எதிர்ப்பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி, அப்புறம் அதை இறக்கி இந்தச் சக்கரத்தை மட்டும் ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், ரிவர்ஸில்தான் நிறைய உரசும். பிறகு இறங்கி டார்ச் அடித்து லைனரில் பளபளவென்று தேய்ந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மூன்று டயரையும் ஏற்றி ஓட்டிவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.